பாலமும் சமன்பாடும்: பொறியியல் வினாக்களுக்குக் கணித உதவி கேட்கும் முறை

“கிணறு 20 மீட்டர் ஆழம். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும்?” கிராமத்தில் பணிபுரியும் விரிவுப் பணியாளரிடம் விவசாயி கேட்கும் கேள்வி பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. “இந்தக் கணக்கு வரவில்லை, ஐயா” என்று பள்ளி மாணவன் கூறுவது அதனினும் சுருக்கமானது. இவ்விரண்டும் உதவி கோரும் நியாயமான வேண்டுகோள்களே. எனினும், இவை இருக்கும் நிலையில் எவ்வளவு பெரிய நிபுணராலும் இவற்றிற்குப் பயனுள்ள விடை கூற இயலாது. விடை கூற வேண்டியவர் முதலில் பல எதிர்க்கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கேளாமல் விடை கூறுவாராயின், அவ்விடை தற்செயலாகச் சரியாயிருக்கலாம். பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

கணிதத்திலும் எந்திரவியலிலும் பிறர் உதவியை நாடுவது குறைபாடன்று. இத்துறைகளின் வரலாற்றில் மிகச் சிறந்த முடிவுகள் பல, ஒருவர் வகுத்த வினாவும் மற்றொருவர் அளித்த விடையும் சேர்ந்து விளைந்தவையே. வினாவை எவ்வாறு வகுப்பது, கிடைத்த விடையை எவ்வாறு கையாள்வது என்ற இரண்டும் தெரிந்திருப்பின், உதவி கேட்பவரும் உதவுபவரும் ஒருங்கே பயனடைகின்றனர். தெரியாதவிடத்து நேரும் நஷ்டம் சில சமயங்களில் மனித உயிர்களாகவே இருந்திருக்கிறது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இரு ரயில்வே பாலங்கள் வீழ்ந்த வரலாறு இதனை நன்கு விளக்கும்.

டீ ஆற்றுப் பாலம்

1847ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்திற்கு அருகில் டீ ஆற்றின் மேல் அமைந்திருந்த ரயில்வே பாலத்தின் ஒரு பகுதி, ரயில் வண்டி கடந்துகொண்டிருந்தபோதே முறிந்து வீழ்ந்தது. இஞ்சின் மட்டும் மறுகரையை அடைந்தது. பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. ஐவர் உயிரிழந்தனர். பாலத்தை வகுத்தவர் அக்காலத்தின் தலைசிறந்த எஞ்சினீயர்களுள் ஒருவரான ராபர்ட் ஸ்டீஃபன்சன். வார்ப்பிரும்பால் ஆன அதன் உத்தரங்கள் ஒவ்வொன்றும் 98 அடி, அதாவது ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ளவை. தேனிரும்புச் சட்டங்கள் அவற்றிற்கு வலுவூட்டும் என்று கருதப்பட்டிருந்தது. தீப்பொறிகளால் மரத்தளம் பற்றிக்கொள்ளாதிருக்கும்பொருட்டு, விபத்து நேர்ந்த அதே நாளில்தான் பாலத்தின்மேல் கல்சல்லி பரப்பப்பட்டிருந்தது. ஆகவே, பாலம் தாங்க வேண்டிய சுமையும் அன்று கூடியிருந்தது.

அந்நாளில் வார்ப்பிரும்பு உத்தரங்கள் கொண்ட பாலங்கள் பல ரயில் பாதைகளில் உபயோகத்தில் இருந்தன. ஆகவே ஒரு பாலத்தின் வீழ்ச்சி எல்லாப் பாலங்களைப் பற்றியும் ஐயத்தைக் கிளப்பியது. ரயில்வேக் கட்டுமானங்களில் இரும்பை உபயோகிப்பது பற்றி ஆராய அதே ஆண்டில் அரசுக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் வில்லிஸ், பொருள்களின் வலிமையைப் பரிசோதனைகளால் ஆராய்ந்து புகழ்பெற்ற ஈட்டன் ஹாட்கின்சன் ஆகியோர் அதன் உறுப்பினர்களுள் அடங்குவர்.

கமிஷன் எதிர்கொண்ட முக்கியமான வினா யாதெனில்: நிலையாக நிற்கும் ஒரு சுமையைத் தாங்கும் உத்தரம், அதே சுமை வேகமாகக் கடந்து செல்லும்போது கூடுதலாகத் தொய்யுமா? தொய்யுமாயின் எவ்வளவு?

இரு பரிசோதனைகள், இரு முடிவுகள்

இவ்வினாவிற்கு விடை காண, போர்ட்ஸ்மத் நகரத்தில் ஒரு சாய்தளம் அமைக்கப்பட்டது. சுமையேற்றிய வண்டி அதன்மேலிருந்து உருண்டு வந்து, 9 அடி நீளமுள்ள இரு வார்ப்பிரும்புச் சட்டங்களைக் கடந்து செல்லும். 1,120 பவுண்டு சுமை அச்சட்டங்களின்மீது அசையாது நின்றபோது, அவை நடுவில் 6/10 அங்குலம் தொய்ந்தன. மணிக்கு 10 மைல் வேகத்தில் கடந்தபோது தொய்வு 8/10 அங்குலமாயிற்று. வேகம் மணிக்கு 30 மைல் ஆனபோது தொய்வு ஒன்றரை அங்குலத்தை எட்டியது. அதாவது, வேகத்தினால் மட்டுமே தொய்வு இரண்டரை மடங்காகிவிட்டது.

இம்முடிவு அச்சத்தை விளைவித்தது. ஆனால், உபயோகத்திலிருந்த உண்மையான பாலங்களின்மேல் இஞ்சினை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது, தொய்வு சிறிதளவே கூடியது. சிறு சட்டங்களோ பேரபாயம் என்றன. பெரும் பாலங்களோ கவலை வேண்டா என்றன. இவற்றுள் எதனை நம்புவது? மேலும் நூறு பரிசோதனைகள் நடத்தினாலும் இம்முரண்பாடு தீராது. எக்காரணத்தால் தொய்வு கூடுகிறது, அது எந்தெந்த அளவுகளைப் பொறுத்தது என்பது தெளிந்தாலன்றிச் சிறு சட்டத்தின் முடிவைப் பெரும் பாலத்திற்குப் பொருத்த வழியில்லை. கணிதத்தின் துணை இங்குதான் இன்றியமையாததாயிற்று.

வில்லிஸ் கேட்ட விதம்

வில்லிஸ் கேம்பிரிட்ஜில் தாமே நுண்ணிய கருவிகளை அமைத்துப் பரிசோதனைகள் நடத்தினார். உத்தரத்தின் சொந்த நிறை, சுமையின் நிறையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது என்று கொண்டு, கடந்து செல்லும் சுமையின் பாதையை விவரிக்கும் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றையும் எழுதினார். ஆனால் அதனைத் தீர்ப்பது எளிதாயில்லை. எனவே அவர் அதே பல்கலைக்கழகத்தில் இருந்த இளம் கணித அறிஞர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸின் உதவியை நாடினார். ஸ்டோக்ஸுக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை.

1849ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆராய்ச்சிக் கட்டுரையின் தொடக்கத்தில், இவ்வினா தம்மிடம் வந்த விதத்தை ஸ்டோக்ஸ் குறிப்பிடுகிறார். வில்லிஸ் ஒரு சமன்பாட்டைத் தந்து, அதனை ஆராயுமாறு வேண்டினார்; அத்துடன் அதன் நோக்கத்தையும், அது பெறப்பட்ட முறையையும் விளக்கினார் என்பது அதன் கருத்து. உதவி கேட்கும் முறை முழுவதும் இம்மூன்றில் அடங்கியிருக்கிறது எனலாம்.

முதலாவது, காணவேண்டியது எது என்பது. வில்லிஸ் “பாலங்களைப் பற்றிக் கூறுக” என்று கேட்கவில்லை. குறிப்பிட்ட ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். இரண்டாவது, அது எதற்காக வேண்டும் என்பது. நோக்கம் தெரிந்ததனால்தான் ஸ்டோக்ஸ் கணிதச் சுவை மிகுந்த பகுதிகளோடு நின்றுவிடாது, எஞ்சினீயருக்கு வேண்டிய எண்களையும் அட்டவணையாகக் கணக்கிட்டளித்தார். மூன்றாவது, கேட்பவர் அதுவரை வந்த வழி. இது தெரிந்தாலன்றி, சமன்பாட்டில் எவையெவை சேர்க்கப்பட்டன, எவையெவை விடப்பட்டன என்பதை விடை கூறுபவர் அறிய இயலாது.

விடையும் அதன் எல்லையும்

தொய்வு ஏன் கூடுகிறது என்பதை இயற்பியல் வழியாக எளிதில் உணரலாம். பாலத்தைக் கடக்கும் சக்கரம் நேர்கோட்டில் செல்வதில்லை. தொய்ந்த பாலத்தின் நடுவில் அது ஒரு பள்ளமான வளைவில் செல்கிறது. வளைவுப் பாதையில் செல்லும் பொருளைத் திருப்ப ஒரு விசை வேண்டும். சாலையின் பள்ளத்தில் வேகமாக இறங்கி ஏறும் பேருந்தில் அமர்ந்திருப்பவர் இருக்கையோடு அழுத்தப்படுவது இதனாலேயே. சக்கரமும் அவ்வாறே பாலத்தைத் தன் எடையினும் கூடுதலாக அழுத்துகிறது.

தொய்வின் கூடுதல் விகிதத்திற்குக் கிடைக்கும் முதல் தோராயம் பின்வருமாறு:

கூடுதல் விகிதம் = (16 × வேகத்தின் வர்க்கம் × நிலையான சுமையால் நடுவில் ஏற்படும் தொய்வு) ÷ (புவியீர்ப்பு முடுக்கம் × பாலத்தின் நீளத்தின் வர்க்கம்)

இச்சூத்திரத்தை இரு நிலைகளுக்குப் பிரயோகித்துப் பார்க்கலாம். போர்ட்ஸ்மத் சட்டத்தின் நீளம் 2.74 மீட்டர், நிலைத்தொய்வு 15 மில்லிமீட்டர், வேகம் வினாடிக்கு 13.4 மீட்டர். விகிதம் ஏறத்தாழ 0.6 ஆகிறது. இனி, 15 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலம் இஞ்சினின் சுமையால் 6 மில்லிமீட்டர் தொய்கிறது என்றும், இஞ்சினின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 22.2 மீட்டர் என்றும் கொள்வோம். விகிதம் ஏறத்தாழ 0.02 மட்டுமே. வேகம் கூடியிருந்தும், விகிதம் முப்பதில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்துவிட்டது. முரண்பாடாகத் தோன்றிய இரு முடிவுகளும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பது இதனால் விளங்குகிறது. சிறு சட்டங்கள் பொய் கூறவில்லை. அவை தம் நீளத்தை நோக்க மிக அதிகமாகத் தொய்ந்தன. பெரும் பாலங்களோ தம் நீளத்தை நோக்க மிகச் சிறிதே தொய்ந்தன.

எனினும், இவ்விடைக்கு எல்லைகள் உண்டு. விகிதம் மிகச் சிறிதாக இருக்கும்போதே மேற்கண்ட தோராயம் பொருந்தும். போர்ட்ஸ்மத் சட்டத்தில் விகிதம் 0.6 என வந்ததே அங்கு இத்தோராயம் போதாது என்பதற்கு அறிகுறி. உண்மையில் அங்குக் காணப்பட்ட கூடுதல் இதனினும் மிகுதி. மேலும், பாலத்தின் சொந்த நிறை புறக்கணிக்கப்பட்டிருக்கிறது. உண்மைப் பாலங்களிலோ அது கணிசமானது. இதனை ஸ்டோக்ஸ் மறைக்கவில்லை. பாலத்தின் நிறை பெரிதாகவும் சுமையின் நிறை சிறிதாகவும் உள்ள எதிர் எல்லையையும் அவர் தோராயமாக ஆராய்ந்தார். விடையோடு அதன் எல்லையையும் சேர்த்தே அளிப்பது நல்ல உதவியின் இலக்கணம்.

இடம் மாறிய விடை

அதே நாட்டில் ஒரு தலைமுறைக்குப் பின் நிகழ்ந்த மற்றொரு விபத்து இதன் மறுபுறத்தைக் காட்டுகிறது. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கடற்கழியின் மேல் 1,600 அடி, அதாவது ஏறத்தாழ 490 மீட்டர் இடைவெளிகள் கொண்ட தொங்கு பாலம் ஒன்றை அமைக்க எஞ்சினீயர் தாமஸ் பவுச் திட்டமிட்டிருந்தார். அத்திட்டத்தின் தொடர்பாக, காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று அரசவை வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் கருத்துக் கேட்கப்பட்டது. 1873ஆம் ஆண்டில் அவர் அளித்த விடை இரு பகுதிகளைக் கொண்டது. சிறு பரப்பின்மேல் சிறிது நேரத்திற்குக் காற்று சதுர அடிக்கு 40 பவுண்டு அளவிலோ அதற்கு மேலோகூட அழுத்தலாம். ஆனால் இத்தகைய பாலத்தின் முழு நீளத்தின்மேல் ஒருங்கே ஏற்படும் அழுத்தத்தைச் சதுர அடிக்கு 10 பவுண்டு எனக் கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அத்தொங்கு பாலம் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் பவுச் வகுத்த டே ஆற்றுப் பாலம் 1878ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் உயரமான பகுதியில் மிகப் பெரிய இடைவெளி 245 அடி, அதாவது 75 மீட்டர் மட்டுமே. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு, கடும் புயலில், அவ்வுயரப் பகுதி முழுவதும் ரயில் வண்டியோடு ஆற்றில் வீழ்ந்தது. வண்டியில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். அவர்கள் சுமார் 75 பேர் என்று அக்காலத்தில் கணக்கிடப்பட்டது.

பின்னர் நடந்த விசாரணையில், டே பாலத்தை வகுக்கையில் காற்றின் அழுத்தத்திற்கெனத் தனி ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை என்று பவுச் ஒப்புக்கொண்டார். ஏரியின் கருத்தும் ஆதாரமாகக் காட்டப்பட்டது. காற்று ஒன்றே காரணமன்று. வார்ப்புக் குறைகளும், தூண்களின் இணைப்புகளில் இருந்த பலவீனமும், பராமரிப்பில் நேர்ந்த அசட்டையும் சேர்ந்தே பாலத்தை வீழ்த்தின என்று விசாரணையில் வெளிப்பட்டது. ஆயினும், ஒரு வினாவிற்கென அளிக்கப்பட்ட விடையை வேறொரு வினாவிற்கு எடுத்தாளுவதிலுள்ள ஆபத்தை இந்நிகழ்ச்சி தெளிவாக்கியது. 490 மீட்டருக்கென மதிப்பிட்ட சராசரி அழுத்தம், 75 மீட்டருக்கு எங்ஙனம் பொருந்தும்? பரப்பு குறையக் குறைய, புயலின் ஒரே வீச்சு அதனை முழுமையாகத் தாக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஏரியின் விடையிலேயே இவ்வெச்சரிக்கை அடங்கியிருந்தது. 10 என்ற எண் மட்டும் பிரிந்து நின்றுவிட்டது.

விபத்திற்குப் பின் அமைக்கப்பட்ட குழு, காற்றின் அழுத்தத்தைச் சதுர அடிக்கு 56 பவுண்டு எனக் கொள்ளுமாறு 1881ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 1890ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு இன்றளவும் உபயோகத்திலுள்ள ஃபோர்த் ரயில் பாலம் அவ்வளவிற்கு ஏற்பவே வகுக்கப்பட்டது.

சென்னையிலிருந்து சென்ற கடிதங்கள்

நம் நாட்டிலும் வினாக்களை அஞ்சல் வழியே பரிமாறிக்கொள்ளும் வழக்கம் பழமையானது. 1907ஆம் ஆண்டில் வி. ராமசுவாமி ஐயர் என்ற வருவாய்த்துறை அதிகாரியின் முயற்சியால் தொடங்கப்பட்ட சங்கமே பின்னர் இந்தியக் கணிதச் சங்கமாக வளர்ந்தது. நூலகங்களுக்கு வெகு தொலைவில் வாழ்ந்த கணித ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் நூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கச் செய்வது அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று. சங்கத்தின் சஞ்சிகையில் வாசகர் வினாக்களுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. 1911ஆம் ஆண்டில், நிலையான வேலை ஏதுமின்றி இருந்த ஸ்ரீநிவாச ராமானுஜன் அதில் வெளியிட்ட வினா ஒன்று இன்றும் ஆசிரியர்களுக்குப் பயன்படத்தக்கது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) — இதன் மதிப்பு என்ன?

பல மாதங்கள் சென்றும் எவரும் விடை அனுப்பவில்லை, ராமானுஜனே விடையளித்தார். அதன் வழியை உயர்நிலைப் பள்ளி மாணவரும் பின்பற்றலாம். 3 = √(1 + 2×4); 4 = √(1 + 3×5); 5 = √(1 + 4×6). இவ்வாறு ஒவ்வோர் எண்ணின் இடத்திலும் அடுத்த வரியை இட்டுக்கொண்டே சென்றால் மேற்கண்ட கோவை கிடைக்கிறது. அதன் மதிப்பு 3. முடிவிலாது செல்லும் கோவை உண்மையிலேயே 3ஐ அணுகுகிறதா என்பதைத் தனியே நிறுவ வேண்டும் என்பதையும் மாணவருக்குச் சொல்லுதல் நலம்.

ராமானுஜனின் ஆராய்ச்சிகளை மதிப்பிட உதவி கோரியவர்களுள் ஓர் எஞ்சினீயரும் உண்டு. சென்னை எஞ்சினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், 1912ஆம் ஆண்டின் இறுதியில், லண்டனிலிருந்த தம் பழைய கணிதப் பேராசிரியர் ஹில்லுக்கு ராமானுஜனின் முடிவுகள் சிலவற்றை அனுப்பினார். விரிதொடர்களைக் கையாளுவதிலுள்ள இடர்களைச் சுட்டிக் காட்டிய ஹில், முடிவிலித் தொடர்களைப் பற்றிய நூலொன்றைப் படிக்குமாறு யோசனை கூறினார். 1913ஆம் ஆண்டு ஜனவரியில் ராமானுஜன் தாமே கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தேற்றங்களின் சிறப்பை உணர்ந்த ஹார்டி, தமது மறுமொழியில் முதன்மையாக வேண்டியது நிரூபணங்களையே. முடிவுகள் இருந்தன, அவற்றை அடைந்த வழி காட்டப்படவில்லை. வில்லிஸ் தாமாகவே அளித்த மூன்றாவது உறுப்பை ஹார்டி கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

கிணற்றங்கரைக் கணக்கு

இனி, தொடக்கத்தில் கண்ட விவசாயியின் கேள்விக்குத் திரும்புவோம். அதனை விடை கூறத்தக்க வினாவாக மாற்றப் பின்வரும் விவரங்கள் தேவை.

1. எவ்வளவு நீர் வேண்டும்? வினாடிக்கு 10 லிட்டர் எனக் கொள்வோம்.

2. நீர் எவ்வளவு உயர்த்தப்பட வேண்டும்? கிணறு 20 மீட்டர் ஆழமெனில் நீர்மட்டம் அவ்வாழத்தில் உள்ளது என்று பொருளன்று. கோடையில், பம்பு ஓடும்போது, நீர்மட்டம் தரைக்குக் கீழ் 18 மீட்டரில் நிற்கிறது. நீர் விழும் தொட்டி தரைக்கு மேல் 2 மீட்டரில் உள்ளது எனக் கொள்வோம். உயர்வு 20 மீட்டர்.

3. குழாயின் நீளமும் விட்டமும் எவ்வளவு? உராய்வினால் இழக்கப்படும் உயரம் இவற்றால் நிர்ணயிக்கப்படுகிறது. அதனை 5 மீட்டர் எனக் கொண்டால், மொத்த ஏற்றம் 25 மீட்டர்.

4. பம்பின் திறமை எவ்வளவு? நூற்றுக்கு 60 எனக் கொள்வோம்.

வினாடிக்கு 10 கிலோகிராம் நீரை 25 மீட்டர் உயர்த்த வேண்டிய திறன் 10 × 9.81 × 25 = 2,452.5 வாட். பம்பின் திறமையால் வகுத்தால் 4,087.5 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆகையால், பம்பிற்கு ஏறத்தாழ 5.5 குதிரைத்திறன் தேவை. 5 குதிரைத்திறன் மோட்டார் போதாது. அதற்கு அடுத்த அளவான 7.5 குதிரைத்திறனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் கணக்கு சரியாயிருந்தும் நீர் வராமற் போகக்கூடும். பம்பை எங்கே வைக்கப் போகிறார் என்று இதுவரை கேட்கவில்லை. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் உயர நீரையே தாங்கவல்லது. நடைமுறையில் மையவிலக்குப் பம்பு 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சுவது அரிது. ஆகவே பம்பைத் தரையில் வைத்தால், 18 மீட்டர் கீழுள்ள நீரை எத்தனை குதிரைத்திறன் மோட்டாராலும் உறிஞ்ச இயலாது. பம்பைக் கிணற்றினுள் நீர்மட்டத்திற்கு அருகில் இறக்க வேண்டும்; அல்லது நீர்மூழ்கிப் பம்பை உபயோகிக்க வேண்டும். அவ்வாறே, பணத்தை மிச்சப்படுத்தக் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், உராய்வு எண் மாறாதிருப்பினும், உராய்வு இழப்பு 32 மடங்காகும். 5 மீட்டர் 160 மீட்டராகிவிடும். கேட்பவர் முக்கியமன்று என்று கருதி விட்டுவிடும் விவரமே சில சமயங்களில் விடையைத் தலைகீழாக்கிவிடுகிறது. எனவேதான், வினாவோடு நோக்கத்தையும் இடத்தின் நிலைமையையும் எழுத வேண்டும். ஒரு சிறு வரைபடம் பல வரிகளுக்கு ஈடாகும்.

விடையைச் சோதித்தல்

பிறர் அளித்த விடையை, அளித்தவர் எத்துணைப் புகழ் வாய்ந்தவராயினும், சோதித்தே ஏற்க வேண்டும். இதற்கு உயர்கணிதம் வேண்டுவதில்லை. பாலத்தின் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மேலே வேகத்தின் வர்க்கமும் நீளமும். கீழே முடுக்கமும் நீளத்தின் வர்க்கமும். அலகுகள் முழுவதும் நீங்கி வெறும் எண்ணே எஞ்சுகிறது. விகிதம் அவ்வாறே இருத்தல் வேண்டும். அடுத்து, வேகத்தைப் பூச்சியமாக்கினால் கூடுதலும் பூச்சியமாகிறது, அதுவும் பொருத்தமே. மூன்றாவதாக, அறிந்த ஒரு நிலைக்கு எண்களை இட்டு, விடையின் அளவு நம்பத்தக்கதா என்று பார்க்க வேண்டும். இம்மூன்று சோதனைகளையும் வகுப்பில் பழக்கமாக்கலாம்.

அலகைக் குறிப்பிடாத எண், முகவரி எழுதாத கடிதத்தைப் போன்றது. அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் செவ்வாயை அடைந்தபோது அழிந்துபோனது. தரையிலிருந்த ஒரு கணிப்புமுறை உந்தலைப் பவுண்டு-விசை வினாடியில் அளித்தது. அதனைப் பெற்ற மற்றொரு முறையோ அதனை நியூட்டன் வினாடி எனக் கொண்டது. ஒன்று மற்றொன்றைப் போல் ஏறத்தாழ 4.45 மடங்கு. பல மாதப் பயணத்தின் முடிவில் கலம் குறித்த உயரத்தினும் மிகத் தாழ்வாகச் சென்றுவிட்டது.

உதவுபவரின் கடமை

பள்ளியில் மாணவன் “கணக்கு வரவில்லை” என்று கூறும்போது, விடையை எழுதிக் காட்டுவது எளிது, பயனோ சிறிது. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். காண வேண்டியது என்ன, தரப்பட்டவை எவை, அவற்றை இணைக்கும் நிபந்தனை யாது என்பவை அவற்றுள் முதன்மையானவை. இம்மூன்றையும் மாணவன் தன் சொற்களில் கூறி, எந்த வரியில் தடைப்பட்டான் என்பதையும் காட்டுவானாயின், பாதி உதவி அப்போதே கிடைத்துவிடுகிறது. வழியைத் தவறாக எழுதியிருந்தாலும் கேடில்லை. தவறான வழியும் எங்கு உதவ வேண்டும் என்பதைக் காட்டும். வெற்றுத்தாள் எதனையும் காட்டாது.

உதவுபவருக்கும் கடமைகள் உண்டு. கேள்வி முழுமையற்றதாயின், ஊகித்து விடை கூறாமல் எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். விடையளிக்கும்போது, அது எந்நிலைமையில் பொருந்தும், எந்நிலைமையில் பொருந்தாது என்பதையும் உடன் எழுத வேண்டும். எல்லையைத் தனித்தாளில் எழுதாமல், எண்ணுக்கு அருகிலேயே எழுதுதல் சாலச் சிறந்தது. எண் பயணம் செய்யும்போது எல்லையும் உடன் செல்ல வேண்டும்.

வில்லிஸ் சமன்பாட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார். ராமானுஜனின் கடிதம் கப்பல் வழியே சென்றது. இன்று தொலைதூரக் கிராமத்திலிருந்தும் கைத்தொலைபேசியில் வினா அனுப்பி, நொடிப்பொழுதில் விடை பெற இயலும். விடை வரும் வேகம் கூடியதனால் வினாவை வகுக்கும் பொறுப்புக் குறையவில்லை, கூடியே இருக்கிறது. முன்னர் எதிர்க்கேள்வி கேட்பதற்கு இருந்த அவகாசம் இன்று பலவேளைகளில் இல்லை. ஆகவே, விவசாயி அடுத்த முறை “எத்தனை குதிரைத்திறன்?” என்று கேட்கும்போது, விரிவுப் பணியாளர் விடையைக் கூறுமுன் அளவு நாடாவையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவரோடு கிணற்றங்கரைக்குச் செல்வது நன்று. நீர்மட்டத்தை அளந்து, குழாயின் விட்டத்தைக் குறித்து, பம்பு வைக்கும் இடத்தை வரைந்து முடிக்கும்போது, விடையின் பெரும்பகுதி குறிப்பேட்டில் ஏறியிருக்கும். எஞ்சியது ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலுமே.